கீ அமுக்கினா சத்தம் வரல, வந்தா லேட்டா வருது, சுருதி வேற விலகுது: சாம்பிள் டோன் கோளாறுகளுக்கு ஒவ்வொண்ணா வழி

வீட்ல கம்ப்யூட்டர் வச்சு பாட்டு பண்றவங்க பியானோ, வயலின் செக்ஷன், மிருதங்கம், நாதஸ்வரம்னு எல்லாத்தையும் சாம்பிள் லைப்ரரில, அதாவது நிஜ வாத்தியத்த சுரம் சுரமா ரெக்கார்ட் பண்ணி வச்ச தொகுப்புல இருந்துதான் எடுக்குறாங்க. கான்டாக்ட், டீசன்ட் சாம்ப்ளர், ஸ்ஃபோர்ஸாண்டோன்னு எந்த சாம்ப்ளர்ல (சாம்பிள வாசிக்குற சாஃப்ட்வேர்) டோன் ஏத்தினாலும் சரி, ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ, கியூபேஸ், லாஜிக்னு எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஓட்டினாலும் சரி, வர்ற கோளாறு என்னவோ திரும்ப திரும்ப அதேதான். பசங்க போன் பண்ணி "ண்ணா, டோன் வேலை செய்யல"ன்னு சொல்லும்போது நான் கேக்குற கேள்விகளும் அதே வரிசையிலதான் போகும், அதைத்தான் இங்க எழுதி வைக்குறேன்.

சாம்பிள் ஃபைலே கெட்டுப்போயிருக்கறது ரொம்ப அபூர்வம். விரல்ல இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் சத்தம் போற வழியில எங்கயோ ஒரு இடம் அடைச்சிருக்கும். அதனால அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி, புது லேப்டாப் விலை விசாரிக்கறதுக்கு முன்னாடி, மூணு இடத்த வரிசையா பாருங்க: கீ அமுக்கும்போது ட்ராக்ல மிடி லைட் எரியுதா (எந்த கீய எவ்வளவு வேகமா அமுக்கினீங்கன்னு கீபோர்டு அனுப்புற செய்திதான் மிடி), சாம்ப்ளர்ல வாய்ஸ் எண்ணிக்கை, அதாவது அந்த நேரத்துல ஓடுற சாம்பிள் எண்ணிக்கை ஏறுதா, ட்ராக் மீட்டர் ஆடுதா. இந்த மூணுல எது முதல்ல நிக்குதோ அங்கதான் கோளாறு.

## கீ அமுக்கினா சத்தமே வரல

### மிடி லைட் எரியல

யூஎஸ்பி கேபிள மாத்தி பாருங்க, ஹப் வழியா போட்டிருந்தா நேரா லேப்டாப்புல சொருகுங்க. சில கேபிள் கரண்ட் மட்டும்தான் குடுக்கும், டேட்டா போகாது, கீபோர்டுல லைட் எரியறத பாத்து கனெக்ட் ஆயிடுச்சுன்னு நம்பிடக்கூடாது. அடுத்து சாஃப்ட்வேரோட மிடி செட்டிங்ல அந்த கீபோர்டு இன்புட்டா எனேபிள் ஆயிருக்கான்னு பாருங்க, புதுசா சொருகின கீபோர்ட பல சாஃப்ட்வேர் தானா எடுத்துக்காது. ரீப்பர்ல ட்ராக்க ரெக்கார்ட் ஆர்ம் பண்ணி மானிட்டரும் ஆன்ல இருக்கணும், ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் அமைதிதான்.

விண்டோஸ்ல இன்னொரு விஷயம், பல கீபோர்டு டிரைவர் ஒரு நேரத்துல ஒரு ப்ரோக்ராமுக்குத்தான் வழி விடும். பின்னாடி சாம்ப்ளரத் தனியா திறந்து வச்சிருந்தாலோ, பிரவுசர்ல ஏதாவது கீபோர்டு கத்துக்கற பக்கம் திறந்திருந்தாலோ அது மிடிய பிடிச்சு வச்சிருக்கும். எல்லாத்தையும் மூடிட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர முதல்ல திறங்க.

### லைட் எரியுது, வாய்ஸ் ஏறல

மிடி சேனல பாருங்க. ஒரே சாம்ப்ளர்ல ரெண்டாவது டோன் ஏத்தினா அது சேனல் 2க்கு போயிருக்கலாம், உங்க கீபோர்டு சேனல் 1ல அனுப்பிட்டிருக்கும். ஆம்னின்னு (எல்லா சேனலும்) மாத்தி பாத்தா உடனே தெரிஞ்சிடும். அதுவும் சரின்னா நீங்க அமுக்குற கீ அந்த வாத்தியத்தோட எல்லைக்குள்ள இருக்கான்னு பாருங்க, புல்லாங்குழல் டோன்ல கீழ்ப்பக்கம் ரெண்டு ஆக்டேவ் காலியாத்தான் இருக்கும். நடு 'சி', அதாவது மிடி நோட் 60, யமஹா வழக்கத்துல சி3, வேற பல சாஃப்ட்வேர்ல சி4. மேனுவல்ல சி1ல கீஸ்விட்ச் (வாசிக்குற விதத்த மாத்துற கீ) இருக்குன்னு போட்டிருந்து அங்க ஒண்ணும் நடக்கலன்னா ஒரு ஆக்டேவ் மேலயும் கீழயும் தேடுங்க.

### வாய்ஸ் ஏறுது, மீட்டர் ஆடல

அப்போ சாம்ப்ளர் வாசிக்குது, வெளிய வர்ற வழி மட்டும் அடைச்சிருக்கு. டோனோட அவுட்புட் 1, 2க்கு பதிலா 3, 4க்கு போயிருக்கும். டிரம் கிட்ல இது ரொம்ப சகஜம், ஸ்நேர் கேக்குது கிக் கேக்கலன்னா அந்த டிரம் கிட் தயாரிச்சவங்க கிக்குக்கு தனி அவுட்புட் குடுத்திருப்பாங்க. அதோட மிடி டேட்டால சிசி7 அல்லது சிசி11 (சத்தத்த கூட்டி குறைக்குற கன்ட்ரோல் நம்பர்) ஜீரோல மாட்டிக்கிட்டிருந்தாலும் வாய்ஸ் ஓடும் சத்தம் வராது. கீபோர்டுல ஒரு ஸ்லைடர் கீழ இறக்கி இருந்தாலே போதும். மாடர்ன் ஸ்ட்ரிங்ஸ் டோன் நிறைய சிசி1லதான் சத்தத்த ஏத்தி இறக்குது, அதனால மாட் வீல ஒரு தடவ மேல தள்ளிப் பாருங்க, இதுலயே பாதி பேருக்கு சத்தம் வந்துடும்.

மீட்டர் ஆடுது ஆனா ஸ்பீக்கர்ல வரலன்னா அது சாம்பிள் விஷயமே இல்ல. ஆடியோ டிவைஸ், இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கு வெளிய இருக்குற சவுண்ட் பெட்டி) வால்யூம், கேபிள் இதெல்லாம் பாருங்க. வேற கம்ப்யூட்டர்ல போட்டும் இன்டர்ஃபேஸ் ஒலிக்கலன்னா மட்டும் சர்வீஸுக்கு எடுத்துட்டு போங்க.

## லைப்ரரி ஃபோல்டர் இருக்கு, சாஃப்ட்வேர்ல காட்ட மாட்டேங்குது

ப்ளக்இன்னே (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள திறக்குற சாம்ப்ளர்) லிஸ்ட்ல இல்லையா, இல்ல ப்ளக்இன் திறக்குது உள்ள லைப்ரரி மட்டும் இல்லையான்னு முதல்ல பிரிச்சுக்கோங்க.

### ப்ளக்இன்னே காட்டல

ரீஸ்கேன் பண்ணுங்க, அதுவும் பழைய ஸ்கேன் விவரத்த அழிச்சிட்டு பண்ற ஆப்ஷன்ல பண்ணுங்க. ஒரு தடவ திறக்கும்போது க்ராஷ் ஆன ப்ளக்இன்ன சாஃப்ட்வேர் ஒதுக்கி வச்சிடும், சாதா ஸ்கேன் அத திரும்ப தொடாது. ப்ளக்இன் விஎஸ்டி3 வகைன்னா விண்டோஸ்ல அதுக்குன்னு ஒரே இடம்தான், சி டிரைவ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், அதுக்குள்ள விஎஸ்டி3 ஃபோல்டர். பழைய விஎஸ்டி2 தான் ஆளாளுக்கு ஒரு ஃபோல்டர்ல போட்டிருப்பாங்க, அந்த ஃபோல்டர நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். 32 பிட் காலத்து ப்ளக்இன் பல 64 பிட் சாஃப்ட்வேர்ல நேரா வராது. எம்1, எம்2 சிப் மேக்குல இன்டெல்லுக்குன்னு எழுதின பழைய ப்ளக்இன்னா சாஃப்ட்வேர ரொசெட்டால (இன்டெல் ப்ரோக்ராம புது சிப்புல ஓட்டுற ஆப்பிள் வசதி) திறந்தாத்தான் பல இடத்துல தெரியும்.

### ப்ளக்இன் திறக்குது, லைப்ரரி சேர மாட்டேங்குது

கான்டாக்ட்ல லைப்ரரி ரெண்டு ஜாதி. ஒண்ணு இலவச கான்டாக்ட் பிளேயர்லயே ஓடுற மாதிரி லைசன்ஸ் வாங்கி சீரியல் நம்பரோட வர்றது, அது பக்கத்து லிஸ்ட்ல படத்தோட வந்து உக்காரும். இன்னொண்ணு சும்மா ஃபோல்டரா வர்றது, அதுக்கு முழு கான்டாக்ட் காசு குடுத்து வாங்கியிருக்கணும், அந்த லிஸ்ட்ல சேர்க்கப் பாத்தா லைப்ரரி இல்லன்னு சொல்லலாம். அது கோளாறு இல்ல. ஃபைல்ஸ் பக்கத்துல போய் அந்த என்கேஐ ஃபைல (கான்டாக்ட் டோன் ஃபைல்) நேரா திறந்தா போதும்.

இதே ஜாதி டோன பிளேயர்ல திறந்தா முதல்ல நல்லா ஓடும், 15 நிமிஷத்துல டெமோ முடிஞ்சு நின்னுடும். "ரெக்கார்ட் பண்ணிட்டே இருக்கும்போது திடீர்னு டோன் செத்துடுது"ன்னு வர்ற கேள்விக்கு பதில் பெரும்பாலும் இதுதான். லைப்ரரி வாங்குறதுக்கு முன்னாடி "பிளேயர்ல ஓடுமா, முழு கான்டாக்ட் வேணுமா"ன்னு ஒரு வரி இருக்கும், அத படிக்காம காசு கட்டாதீங்க.

க்ராக் பண்ண லைப்ரரில இந்த கோளாறு எல்லாமே கலந்து வரும், அதுக்கு நான் வழி சொல்ல மாட்டேன். ஒரு வயலின் கலைஞர் நாள் கணக்கா உக்காந்து வாசிச்சதுதான் அந்த லைப்ரரி. காசு இல்லன்னா இலவசமாவே நல்லது இருக்கு, யமஹா சி5 கிராண்ட் பியானோவ 16 வெலாசிட்டி (கீ அமுக்குற வேகம்) லேயர்ல எடுத்த சாலமாண்டர் பியானோ, விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் ஆர்கெஸ்ட்ரா, ஸ்பிட்ஃபயர் குடுக்குற பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர்னு. இந்த மூணுலயே ஒரு முழு பாட்டு பண்ணிடலாம்.

## 'சாம்பிள் மிஸ்ஸிங்'னு பாக்ஸ் வருது

டோன் ஃபைல்ல சத்தம் இருக்காது, சத்தம் எங்க இருக்குங்கற முகவரிதான் இருக்கும். முகவரி மாறிடுச்சுன்னா இந்த பாக்ஸ்.

முதல் காரணம் எக்ஸ்டர்னல் டிரைவ். நேத்து இ டிரைவா இருந்தது இன்னிக்கு பென்டிரைவ் ஒண்ண முன்னாடி சொருகினதால எஃப் ஆயிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் அந்த டிரைவுக்கு டி தாண்டி, ஒய் மாதிரி வேற எதுவும் எடுக்காத ஒரு எழுத்த நிரந்தரமா குடுத்துடுங்க, அப்புறம் இந்த தொல்லையே இருக்காது.

ரெண்டாவது, ஃபோல்டர இடம் மாத்தினது, பேர மாத்தினது. டோன் ஃபைலும் சாம்பிள்ஸ் ஃபோல்டரும் எப்படி டவுன்லோட் ஆச்சோ அப்படியே பக்கத்துல பக்கத்துல இருக்கணும். டோன் ஃபைல மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்து போட்டா தேடத்தான் செய்யும். இப்படி ஆயிடுச்சுன்னா பாக்ஸ்லயே ஃபோல்டர காட்டுற வழி இருக்கு, காட்டிட்டு டோன சேவ் பண்ணிக்கோங்க. லைப்ரரி முழுசுக்கும் பண்ணணும்னா கான்டாக்ட்ல பேட்ச் ரீசேவ் இருக்கு, அது எல்லா ஃபைலையும் மாத்தி எழுதும், ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு செய்யுங்க.

மூணாவதுதான் இப்போ அடிக்கடி பாக்குறேன். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர ஒன்டிரைவ் தானா எடுத்துக்குது, இடம் பத்தலன்னா ஃபைல ஆன்லைனுக்கு அனுப்பிட்டு பேர மட்டும் வச்சிருக்குது. பாக்குறதுக்கு ஃபைல் இருக்கற மாதிரியே இருக்கும், பக்கத்துல ஒரு மேகம் படம் இருக்கும், சாம்ப்ளர் கேக்கும்போது உள்ள ஒண்ணும் இருக்காது. மேக்குல ஐகிளவுடும் இதே வேலைய செய்யும். லைப்ரரிய இந்த ஃபோல்டருக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, டிரைவோட முதல் அடுக்குலயே சாம்பிள்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அங்க வைங்க. அப்படி வச்சா இன்னொரு லாபம், முகவரி நீளம் குறையும். விண்டோஸ்ல பழைய கணக்குப்படி முகவரி 260 எழுத்துக்குள்ள இருக்கணும், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா அன்ஸிப் பண்ணி வச்சா சில சாம்பிள் மட்டும் காணாம போறதுக்கு இதுவும் காரணம். ஃபோல்டர் பேர தமிழ்ல வச்சிருந்து பழைய சாம்ப்ளர் படிக்கலன்னா பேர இங்கிலீஷ்ல மாத்தி பாருங்க.

நாலாவது, டவுன்லோடே முழுசா ஆகல. அஞ்சு பார்ட்டா வந்தா அஞ்சையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு முதல் பார்ட்ட மட்டும் பிரிக்கணும். ஃபிரெண்டுகிட்ட இருந்து பென்டிரைவ்ல காப்பி பண்ணும்போது பெரிய ஃபைல் மட்டும் ஏற மாட்டேங்குதுன்னா பென்டிரைவ் எஃப்ஏடி32ல இருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணினா ஏறும்.

ஸ்ஃபோர்ஸாண்டோ திறக்குற எஸ்எஃப்ஸட் டோன்னா வேலை இன்னும் சுலபம், அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட்ல திறந்தா எந்த சாம்பிள எங்க தேடுதுன்னு வரி வரியா எழுதியிருக்கும், அந்த ஃபோல்டர் பேர சரி பண்ணி சேவ் பண்ணினா முடிஞ்சது. லினக்ஸ்ல ஓட்டுறீங்கன்னா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கூட அத குழப்பும்.

### இங்க நிறுத்திக்கணும்

முகவரி எல்லாம் சரி, ஆனா காப்பி பண்ணும்போதே டிரைவ் திணறுது, கடகடன்னு சத்தம் வருது, ஃபைல திறந்தா பிழைன்னு வருதுன்னா கைய எடுத்துடுங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் டிரைவோட உடல்நிலைய சொல்லும், நல்லா இல்லன்னு சிவப்புலயோ மஞ்சள்லயோ காட்டினா ஃபிக்ஸ் பண்றேன்னு ஸ்கேன் மேல ஸ்கேன் ஓட்டாதீங்க. முக்கியமான ப்ராஜெக்ட் ஃபைல முதல்ல வேற டிரைவுக்கு எடுங்க, லைப்ரரிய திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம், நீங்க வாசிச்சத யாரும் திருப்பி தர முடியாது. எடுக்கவே முடியலன்னா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட அப்படியே குடுத்துடுங்க.

## அமுக்குறது இப்போ, கேக்குறது அப்புறம்

ப்ளூடூத் ஹெட்போன்ல கேட்டுட்டு வாசிக்கிறீங்களா? அப்போ வேற எதையும் பாக்க வேண்டாம். ஒயர் ஹெட்போன் போடுங்க, ப்ளூடூத்தோட தாமதத்த எந்த செட்டிங்கும் வாசிக்கற அளவுக்கு குறைக்காது.

அடுத்து டிரைவர். விண்டோஸ்ல ஆசியோ டிரைவர் (தாமதம் கம்மியான ஆடியோ டிரைவர்) தேர்ந்தெடுத்திருக்கணும். இன்டர்ஃபேஸ் இருந்தா அதோட சொந்த ஆசியோ, இல்லன்னா ஆசியோ4ஆல் இல்ல எஃப்எல் ஸ்டூடியோ கூட வர்ற ஆசியோ. அப்புறம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற ஒலி அளவு. இங்க சாம்பிள்னா வாத்திய ரெக்கார்டிங் இல்ல, ஒலிய அளந்த குட்டி துளி. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள் பஃபர்னா சுமார் 3 மில்லி செகண்ட், 256ன்னா 6, 512ன்னா 12, 1024ன்னா 23. இது ஒரு பக்க கணக்குதான், இன்டர்ஃபேஸோட சொந்த தாமதம் மேல சேரும். வாசிக்கும்போது 128 இல்ல 256 வைங்க, மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏத்திக்கோங்க.

பஃபர் கம்மியாத்தான் இருக்கு, இன்னும் இழுக்குதுன்னா மாஸ்டர் ட்ராக்க பாருங்க. லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ போட்டு வச்சிருந்தா அது முன்கூட்டி பாக்குறதுக்காக எல்லாத்தையும் நிறுத்தி வச்சு அனுப்பும், நீங்க வாசிக்கறதும் சேந்து லேட்டாகும். ரெக்கார்ட் முடியற வரைக்கும் அத ஆஃப் பண்ணுங்க.

### ஒரு டோன் மட்டும் லேட்டு, மத்தது சரி

இது கோளாறே இல்ல, வாத்தியத்தோட குணம். லெகாட்டோ வயலின்ல ஒரு சுரத்துல இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போறதையும் சேத்து ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க, அந்த வழுக்கல் முடிஞ்சுதான் சுரம் நிக்கும். நோட்ட தாள க்ரிட்ல கச்சிதமா க்வான்டைஸ் பண்ணி ஒட்டினா கண்டிப்பா பின்னாடி விழும். அந்த ட்ராக்குக்கு மட்டும் மைனஸ் டிலே குடுங்க, மைனஸ் 50 மில்லி செகண்ட்ல ஆரம்பிச்சு காதால கேட்டு கூட்டுங்க, டோனுக்கு டோன் மாறும். வாசிச்சு ரெக்கார்ட் பண்ணும்போது ஷார்ட் ஆர்டிகுலேஷன்ல (சுரத்த சுருக்கமா வாசிக்குற விதம்) வாசிச்சிட்டு அப்புறமா லெகாட்டோவுக்கு மாத்தினா கை குழம்பாது.

## படபடன்னு வெடிக்குது, கரகரன்னு கேக்குது

முதல்ல ஒரு சோதனை. அந்த இடத்த வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி கேளுங்க.

### எக்ஸ்போர்ட்ல சுத்தமா இருக்கு

கம்ப்யூட்டர் நேரத்துக்கு குடுக்க முடியாம திணறுது, அவ்வளவுதான். பஃபர ஏத்துங்க. லேப்டாப்ப சார்ஜர்ல போடுங்க, பவர் ப்ளான ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, பேட்டரில ஓடும்போது வேகத்த தானா குறைச்சுக்கும். சாம்ப்ளர்ல சிபியு மீட்டர், டிஸ்க் மீட்டர்னு ரெண்டு இருந்தா எது எகிறுதுன்னு பாருங்க. டிஸ்க் எகிறினா லைப்ரரி பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்ல இருக்கும். சாம்ப்ளர் ஒவ்வொரு சாம்பிளோட தலைய மட்டும் ரேம்ல வச்சிட்டு மிச்சத்த டிஸ்க்ல இருந்து ஓட ஓட எடுக்குது, டிஸ்க் மெதுவா இருந்தா தலை முடிஞ்சதும் அறுந்துடும். ப்ரீலோட் பஃபர ஏத்தினா தாங்கும், ஆனா ரேம் அதிகமா தின்னும். சிபியு எகிறினா ஒரே சாம்ப்ளருக்குள்ள பத்து பதினஞ்சு டோன் ஏத்தி வச்சிருக்கீங்களான்னு பாருங்க. தனித்தனி ட்ராக்கா பிரிச்சா வேல பல கோர்ல பரவும். முடிஞ்ச ட்ராக்க ஃப்ரீஸ் பண்ணுங்க, அதாவது தற்காலிகமா ஆடியோவா மாத்தி வைங்க. ஃப்ரீஸ் பண்றத கௌரவ குறைச்சலா நினைக்கறவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, 8 ஜிபி ரேம் வச்சு ஆர்கெஸ்ட்ரா எழுதறவங்களுக்கு அதுதான் துணை.

எல்லா மீட்டரும் கம்மியா இருக்கு, ஆனாலும் இருந்து இருந்து ஒரு டிக்குன்னா டிரைவர் சண்டை. லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் எந்த டிரைவர் இடையில புகுந்து நேரத்த எடுக்குதுன்னு காட்டும். வைஃபைய ஆஃப் பண்ணி பாருங்க, நிறைய லேப்டாப்புல அதுலயே தீந்துடும். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு சாம்பிளையும் திறக்கும்போது சோதிச்சிட்டிருந்தா சாம்பிள் ஃபோல்டர விலக்கு லிஸ்ட்ல போடுங்க.

இத்தனையும் பண்ணியாச்சுன்னா அப்போ காசு செலவு பண்ணலாம், அதுலயும் எஸ்எஸ்டி முதல்ல, ரேம் ரெண்டாவது, புது மெஷின் கடைசி. லேப்டாப்ப திறந்து பழக்கம் இல்லன்னா எஸ்எஸ்டி போடறத கடைக்காரர்கிட்ட விட்டுடுங்க.

### எக்ஸ்போர்ட்லயும் அதே இடத்துல வெடிக்குது

மீட்டர் சிவப்பு அடிக்குதான்னு பாருங்க, நாலு டோன அடுக்கி வச்சு எல்லாமே ஃபுல் வால்யூம்ல இருந்தா கிழியத்தான் செய்யும். சிவப்பு இல்ல, ஒரு குறிப்பிட்ட நோட்ட நீளமா பிடிக்கும்போது மட்டும் டிக் டிக்னு சீரா வருதுன்னா லூப் பாயின்ட் (சாம்பிள் திரும்ப திரும்ப ஓடுற இடம்) சரியில்ல. நீங்களே தம்புராவையோ ஆர்மோனியத்தையோ ரெக்கார்ட் பண்ணி டோன் ஆக்கியிருந்தா இது வராம இருக்காது. லூப் ஆரம்பமும் முடிவும் அலை ஜீரோவ தொடுற இடத்துல இருக்கணும், அதுக்கு மேல லூப் கிராஸ்ஃபேடும் குடுங்க. தம்புராவுக்கு குட்டி லூப் போடாதீங்க, நாலு தந்தியும் ஒரு சுத்து முழுசா மீட்டின நீளத்துக்கு எடுத்தாத்தான் அந்த ரீங்காரம் உயிரோட இருக்கும்.

## சுருதி விலகுது

### எல்லாமே விலகுது, பாடின வாய்ஸும் சேந்து

ப்ராஜெக்ட் 44.1ல இருக்கு, இன்டர்ஃபேஸ் 48ல ஓடுது. அப்படி ஆனா சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறும், வேகமும் ஏறும். தலைகீழா இருந்தா இறங்கும். ரெண்டையும் ஒண்ணா வைங்க.

### ஒரு டோன் மட்டும் விலகுது

எவ்வளவு விலகுதுன்னு ட்யூனர் ப்ளக்இன்ல பாருங்க. சரியா ஒரு செமிடோனோ ஒரு ஆக்டேவோன்னா ரூட் கீ தப்பு, அதாவது சாம்பிள் 'சி ஷார்ப்'ல வாசிச்சது, சாம்ப்ளர் அத 'சி'ன்னு நினைச்சிட்டிருக்கு. எஸ்எஃப்ஸட்ல பிட்ச் கீசென்டர்ங்கற வரி இதுக்குத்தான், அது இல்லன்னா 60ன்னு எடுத்துக்கும். 10, 20 சென்ட்னு (ஒரு செமிடோன்ல நூறுல ஒரு பங்குதான் சென்ட்) கொஞ்சமா விலகினா வாத்தியமே அப்படித்தான் இருந்திருக்கும், பழைய ஆர்மோனியம் எல்லாம் 440 ஹெர்ட்ஸ் 'ஏ' அளவுல நிக்காது, டோனோட ஃபைன் ட்யூன்ல சரி பண்ணுங்க. பிட்ச் வீல் நடுவுல நிக்காம போனாலும் இந்த மாதிரி கொஞ்சூண்டு விலகும், சாம்ப்ளர்ல வீல் படம் நடுவுல இருக்கான்னு ஒரு கண் பாருங்க.

### மிருதங்கம் மட்டும் பாட்டோட ஒட்டல

தாள வாத்தியத்துக்கு சுருதி கிடையாதுன்னு நினைச்சு விட்டுடறாங்க. மிருதங்கத்தோட வலந்தலை பாட்டோட ஆதார சட்ஜத்துக்கு சேத்து வச்சு வாசிக்கறது. பாட்டு அஞ்சரை கட்டைல இருக்கு, அதாவது ஜி ஷார்ப், லைப்ரரி ஒரு கட்டைல, அதாவது 'சி' சுருதில எடுத்ததுன்னா ஒட்டாது. ரெண்டு செமிடோன் வரைக்கும் டோன ஏத்தி இறக்கலாம், அதுக்கு மேல போனா தோல் சத்தம் போய் பிளாஸ்டிக் சத்தம் வந்துடும். வேற சுருதில எடுத்த சாம்பிள் அதே லைப்ரரில இருக்கான்னு தேடுங்க, நல்ல லைப்ரரில ரெண்டு மூணு சுருதில குடுத்திருப்பாங்க. தபேலாவோட தாயனுக்கும் இதேதான்.

## நோட் நிக்காம ஓடிட்டே இருக்கு, இல்லன்னா பாதில அறுபடுது

ஓடிட்டே இருந்தா எல்லா நோட்டையும் நிறுத்துற பேனிக் பட்டன அமுக்கிட்டு பெடல கழட்டி பாருங்க. கழட்டினா சரியாயிடுதுன்னா பெடல் போலாரிட்டி தலைகீழா இருக்கு. கீபோர்ட ஆன் பண்ணும்போது பெடல மிதிக்காம இருந்தா பல மாடல் தானா சரி பண்ணிக்கும். ரெக்கார்ட் பண்ண பகுதில மட்டும் இப்படின்னா மிடி எடிட்டர்ல சிசி64 பாருங்க, பெடல் மிதிச்ச பதிவு இருக்கும், எடுத்த பதிவு நீங்க வெட்டின துண்டோட போயிருக்கும். கடைசில சிசி64 ஜீரோன்னு ஒரு புள்ளி வச்சிடுங்க.

அறுபடுதுன்னா பாலிஃபனி எல்லை, அதாவது ஒரே நேரத்துல எத்தனை வாய்ஸ் ஓடலாங்கற அளவு. பெடல் போட்டு பியானோ வாசிச்சா வாய்ஸ் மளமளன்னு ஏறும், ஸ்டீரியோ மைக் ரெண்டு மூணு ஜோடி ஆன்ல இருந்தா இன்னும் வேகமா. எல்லைய ஏத்துங்க இல்ல ஒரு மைக் ஜோடிய ஆஃப் பண்ணுங்க. ஹைஹேட் மட்டும் அறுபடுதுன்னா விட்டுடுங்க, மூடினா திறந்த சத்தம் நிக்கணும்னு அப்படி செஞ்சிருக்காங்க.

## சத்தம் வருது, ஆனா உயிர் இல்ல

இதுக்கு எரர் பாக்ஸ் வராது, ஆனா நான் ரொம்ப அக்கறைப்படுற கோளாறு இதுதான்.

ஒரே நோட்ட வேகமா அடிச்சா மெஷின்கன் மாதிரி கேக்குதா, ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டுக்கு வேற வேற சாம்பிள மாத்தி மாத்தி வாசிக்கறது) ஆஃப்ல இருக்கு இல்ல அந்த டோன்ல இல்லவே இல்ல. இல்லன்னா வெலாசிட்டிய கையால கொஞ்சம் மேல கீழ கலைங்க. ஸ்ட்ரிங்ஸ் ஒரே மட்டத்துல நிக்குதா, சிசி1ல வளைவு வரைங்க. சிசி11 சத்தத்த மட்டும்தான் குறைக்கும், சிசி1 பல டோன்ல மெதுவா வாசிச்ச சாம்பிளுக்கே மாத்தும், வித்தியாசம் காதுல உடனே தெரியும்.

எவ்வளவு மெதுவா தொட்டாலும் முழு வேகத்துல வெடிக்குதா? எல்லா கீயும்னா கீபோர்டோட வெலாசிட்டி கர்வ மாத்துங்க. ரெண்டு மூணு கீ மட்டும் எப்பவும் முழு வேகமான 127 அடிக்குதுன்னா அந்த கீக்கு கீழ இருக்குற ரப்பர் கான்டாக்ட்ல தூசி. இது சாஃப்ட்வேர்ல தீராது, கீபோர்ட பிரிச்சு ஆல்கஹால்ல துடைக்கற வேலை, ரிப்பன் கேபிள் சட்டுனு பிச்சுக்கும், வாத்தியம் சர்வீஸ் பண்றவங்ககிட்ட குடுங்க. மொத்தத்துல பெரிய செலவு ஆகாத வேலை இது.

### வீணை, நாதஸ்வரத்துல கமகம் வர மாட்டேங்குது

பிட்ச் பெண்ட் எல்லை பொதுவா 2 செமிடோன்தான் இருக்கும், அதுல வீணையோட இழுப்பு பத்தாது. சாம்ப்ளர்ல எல்லைய ஏத்துங்க, ஆனா கீபோர்டு வீல்ல கை பழகணும்னா 4, 5க்கு மேல போகாதீங்க, சின்ன அசைவே எகிறிடும். சாம்பிள 3 செமிடோனுக்கு மேல வளைச்சா சத்தத்தோட உடம்பும் சேந்து வளைஞ்சு கார்ட்டூன் குரல் மாதிரி ஆயிடும், அதுக்கு மேல வேணும்னா அடுத்த நோட்டுக்கு மாறி அங்கிருந்து வளைங்க, டோன் மோனோ லெகாட்டோல இருந்தா ஒட்டு தெரியாது.

வளைக்கும்போது பின்னாடி ஒலிக்குற சுருதியும் சேந்து வளையுதா? பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுசுக்கும் போற செய்தி, அதே சேனல்ல இருக்குற எல்லா நோட்டும் வளையும். தம்புராவ தனி ட்ராக்குக்கு மாத்துங்க. வீணைலயே தாளத்தந்தி மட்டும் நேரா நிக்கணும்னா அதையும் தனி ட்ராக்.

இவ்வளவுக்கு அப்புறமும் தோடி ராகம் தோடியா கேக்கலன்னா சாம்பிள அதுக்கு மேல கஷ்டப்படுத்தாதீங்க. மத்த எல்லாத்தையும் சாம்பிள்ல வச்சிட்டு அந்த எட்டு பார ஒரு வித்வானுக்கு காசு குடுத்து வாசிச்சுத் தரச் சொல்லுங்க, பாட்டு முழுசுமே அதுல எழுந்து நிக்கும்.

## வாசிக்கும்போது சரி, எக்ஸ்போர்ட்ல குறையுது

முதல் நோட்டு காணோம்னா பாட்ட ரெண்டாவது பார்ல ஆரம்பிங்க, கீஸ்விட்சும் முதல் நோட்டும் ஒரே புள்ளில விழுந்தா டோன் மாறுறதுக்குள்ள நோட்டு போயிடும். பாட்ட நடுவுல இருந்து ஓட்டும்போது பிட்சிகாட்டோக்கு பதிலா வேற ஆர்டிகுலேஷன் வந்தாலும் அதே கீஸ்விட்ச்தான் காரணம், ஒவ்வொரு பகுதி ஆரம்பத்துலயும் அத திரும்ப வைங்க. கடைசில ரிவர்ப் வெட்டுப்பட்டா டெயில் நேரத்த கூட்டுங்க. நடுநடுவுல நோட்டு விட்டுப்போனா ரியல் டைம்ல ரெண்டர் பண்ணுங்க, பாட்டு நீளத்துக்கு காத்திருக்கணும், ஆனா டிஸ்க்குக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

ரியல் டைம்லயும் அதே இடம் விட்டுப்போனா லைப்ரரி வித்தவங்களோட சப்போர்ட்டுக்கு எழுத வேண்டிய நேரம். விண்டோஸா மேக்கா எந்த வெர்ஷன், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வெர்ஷன், சாம்ப்ளர் வெர்ஷன், லைப்ரரி வெர்ஷன், சாம்பிள் ரேட், பஃபர், இதோட ஒரே ஒரு ட்ராக் மட்டும் இருக்குற சின்ன ப்ராஜெக்ட் ஃபைல். இந்த சின்ன ப்ராஜெக்ட்ட தயார் பண்ணும்போது கோளாறு வரலன்னா லைப்ரரி நல்லா இருக்கு, பெரிய ப்ராஜெக்ட்ல இருந்து ஒவ்வொரு ட்ராக்கா ஆஃப் பண்ணிட்டு வாங்க.